சீனத் தோட்டத்தில் ஒரு மழைநாள்

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது யாது? சிற்றூரில் பிறந்தவர்க்கு வாழையும் தென்னையும் தோன்றும். வீட்டுக் கொல்லையில் படர்ந்த அவரைப் பந்தல் தோன்றும். நகரத்தில் வளர்ந்தவர்க்கு ஒழுங்காக வெட்டிய புல்தரையும், வட்டம் வட்டமாக நட்ட பூச்செடிகளும், நடுவே ஒரு நீரூற்றும் தோன்றும். வாயிலில் நின்று நோக்கினால் கடைசி மூலைவரை கண்ணுக்குப் புலப்படுவதே நல்ல பூங்காவின் இலக்கணம் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைச் சீன நாட்டுத் தோட்டம் ஒன்று ஒரே பகலில் மாற்றிவிட்டது. அத்துடன் நின்றதா? 35 ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்த நான் செய்த பிழை ஒன்றையும் எனக்கு எடுத்துக் காட்டிற்று. அதைப்பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டு, ஜூன் மாதம். நான் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு அது. என் மகன் அப்போது ஷாங்காய் நகரத்தில் பணியாற்றி வந்தான். அவனைக் காணச் சென்றபோது, “அப்பா, சூசோ நகரத்தைப் பார்க்காமல் நீங்கள் ஊர் திரும்பக் கூடாது” என்று கூறி ஒருநாள் காலையில் அழைத்துச் சென்றான். ஷாங்காய்க்கு மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சூசோ. விரைவு ரயிலில் அரைமணி நேரப் பயணந்தான். ஆனால் அந்த அரைமணியில் நாம் கடந்து செல்லும் காலமோ மிக நீண்டது; கி.மு. 514ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நகரம் என்று அதன் வரலாறு கூறும். தெருவுக்குத் தெரு கால்வாய்; கால்வாய்க்குக் கால்வாய் கற்பாலம். பட்டு நெசவாலும் நெல் விளைவாலும் செல்வம் கொழித்த அந்த ஊரில், அரசுப் பணியிலிருந்து விலகிய கற்றறிந்தோர் பலர் வீடு கட்டிக் குடியேறினர். அவர்கள் தத்தம் வீட்டையொட்டி அமைத்த தோட்டங்களே இன்று சூசோவின் பெரும்புகழுக்குக் காரணம். அவற்றுள் நான்கை 1997ஆம் ஆண்டிலும், வேறு ஐந்தை 2000ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

நாங்கள் முதலில் சென்றது அவற்றுள் பெரியது. சுவோசெங் யுவான் என்பது அதன் பெயர். ‘யுவான்’ என்றால் தோட்டம். முதற்பகுதியின் பொருள் ‘திறமையற்றவனின் ஆட்சி’ என்பதாம். இஃதென்ன விந்தையான பெயர் என்று கேட்பீர்கள். மிங் அரசர்கள் ஆண்ட காலத்தில், வாங் சியென்சென் என்பவர் அரசு அலுவலரின் குற்றங்களை ஆய்ந்து அரசனுக்கு அறிவிக்கும் பொறுப்பான பதவி வகித்தார். அத்தகைய பதவியில் இருப்பவர்க்குப் பகைவர் இல்லாமல் இருப்பரோ? அவர் சிறைப்பட்டார், பதவியில் தாழ்த்தப்பட்டார், இறுதியில் எல்லாவற்றையும் துறந்து சொந்த ஊராகிய சூசோவுக்கே திரும்பினார். 1509ஆம் ஆண்டையொட்டி இந்தத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த பான் யுவே என்னும் எழுத்தாளர், செடிக்கு நீர் ஊற்றிக் காய்கறி விற்றுப் பிழைப்பதும் திறமையில்லாதவன் செய்யும் ஒருவகை ஆட்சியே என்னும் கருத்தை எழுதி வைத்திருந்தார். அதிலிருந்தே தம் தோட்டத்துக்குப் பெயர் எடுத்தார் வாங். நாட்டை ஆளத் தெரியவில்லை. நாலு செடிகளையாவது ஆளுவோம் என்பது அதன் உட்பொருள். பணி ஓய்வு பெற்றவன், மறுநாட் காலையில் எழுந்து என்ன செய்வது என்ற கேள்வியோடு இருந்த எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டதுமே அம்மனிதர்மேல் ஒரு பற்று உண்டாயிற்று.

ஆயினும் தோட்டத்துக்குள் நான் நடந்துகொண்ட முறை அந்தப் பற்றுக்குப் பொருத்தமாக இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த உயரமான மதில். மேலே கருஞ்சாம்பல் நிற ஓடு. உள்ளே ஏதேனும் இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. உள்ளே நுழைந்து ஒரு கூடத்தைக் கடந்ததும் எதிரே ஒரு கற்குன்று வழிமறித்து நிற்கிறது. வருவோரை வரவேற்க வேண்டிய இடத்தில் இப்படி மறைத்து வைப்பார்களா என்று எனக்குச் சிறிது சினம் வந்தது. கையில் தோட்டத்தின் வரைபடம் இருந்தது. அதில் எண்ணிட்டுக் குறித்த மண்டபங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றேன். பார்த்ததற்கு அடையாளமாகப் பேனாவால் ஒரு கோடு இட்டேன், அடுத்ததற்கு விரைந்தேன். 5 எக்டேருக்குச் சற்று மிகுதியான, அதாவது ஏறக்குறைய 13 ஏக்கர் பரப்புள்ள தோட்டம் அது. ஒருமணி நேரத்தில் வரைபடம் முழுதும் கோடுகளால் நிறைந்துவிட்டது. “பார்த்து முடித்துவிட்டேன், தம்பி, அடுத்த இடத்துக்குப் போகலாமா?” என்றேன் மகனிடம். “ஒருமணி நேரத்திலா அப்பா?” என்று அவன் வியந்தான்.

அவ்வேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்தில் அந்நாட்டில் பெய்யும் மழையைப் பிளம் மழை என்பர். பிளம் பழங்கள் கனியும் பருவத்தில் வருவதால் அப்பெயர் பெற்றது. நம் கோடை மழைபோல் இடித்து முழங்கிப் பெய்து ஓய்வதில்லை. வந்தால் போக மனமின்றி நின்று பெய்யும். நாங்கள் அருகில் இருந்த சிறு மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். முன்னே ஒரு சிறு குளம். அதில் தாமரை இலைகள். கரையில் மூங்கிற் புதர். பக்கத்தில் வாழைமரங்கள்! நம் ஊர் வாழையைப் போலவே அகன்ற பச்சை இலைகள். கனிக்காக அவற்றை நட்டிருக்க மாட்டார்களே, பின் எதற்காக நட்டார்கள் என்று எண்ணியவாறு அமர்ந்திருந்தேன். மழை வாழையிலையில் விழுந்தபோது ஓர் ஒலி. தாமரை இலையில் விழுந்தபோது வேறோர் ஒலி. மூங்கிலிலைகளில் மற்றோர் ஒலி. கூரை ஓட்டில் இன்னோர் ஒலி. கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். நாங்கள் அமர்ந்திருந்த மண்டபத்தின் பெயர் ‘மழையைக் கேட்கும் கூடம்’. ஒருமணி நேரத்துக்கு முன்னரே அதன்மேல் நான் கோடு இட்டிருந்தேன்!

நண்பர்களே, அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மழையைக் கேட்பதற்கென்றே மரம் தேர்ந்து நட்டு, குளம் வெட்டி, கூரை வேய்ந்து வைத்த ஓர் இடத்தை, வெயிலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘முடிந்தது’ என்று குறித்துக்கொண்டு போனவன் நான். மழை முக்கால் மணி நேரம் நின்று பெய்தது. அது ஓய்ந்தபின் மகனிடம், “தம்பி, மறுபடியும் முதலிலிருந்து பார்ப்போம்” என்றேன். வரைபடத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

இரண்டாம் முறை நடந்தபோதுதான் அந்தத் தோட்டத்தின் இலக்கணம் எனக்குப் புரியலாயிற்று. வாயிலருகே குன்று வழிமறித்தது ஏன்? எல்லாம் ஒருங்கே தெரிந்துவிட்டால், பார்ப்பவன் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிடுவான். மறைத்துவைத்தால் தேடுவான், தேடினால் நடப்பான், நடந்தால் காட்சி மாறும். பாதைகள் நேராகச் செல்வதே இல்லை. தாழ்வாரம் வளைகிறது, வளைவில் நாம் திரும்பியதும், முன்பு இடப்பக்கம் இருந்த குளம் வலப்பக்கம் வருகிறது, முன்பு சிறு மேடாகத் தோன்றியது மலையாக உயர்கிறது. ஒரே குளத்தை ஒன்பது இடங்களிலிருந்து பார்த்தேன். ஒன்பது குளங்களைப் பார்த்தது போலவே இருந்தது.

தாமரைக் குளத்தின் எதிரே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. ‘தொலைவிலிருந்து வரும் மணம்’ என்பது அதன் பெயர். தாமரையை அருகே சென்று பறிப்பதிலும், எட்ட நின்று அதன் மணத்தை நுகர்வதே மேன்மை என்னும் கருத்து, 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ துன்யி என்னும் அறிஞருடையது. சேற்றில் பிறந்தும் சேறு படியாத மலர் என்று நம் நாட்டார் தாமரையைப் போற்றுவது போலவே அவரும் போற்றினார். மற்றொரு மண்டபம் விசிறி வடிவில் அமைந்தது. அதன் சன்னல் விசிறி வடிவம், உள்ளே இருக்கும் கல்மேசையும் விசிறி வடிவம். அதற்கு ‘யாருடன் அமர்வேன்?’ என்று பெயர். சூ தோங்போ என்னும் பெருங்கவிஞரின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. மண்டபங்களுக்குப் பெயர் வைப்பதிலேயே பார்வையாளனிடம் ஒரு வினாவை எழுப்பிவிடுகிறார்கள். விடை சொல்ல வேண்டுமாயின் அங்கே சற்று உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தவை சுவர்களில் உள்ள சன்னல்களே. ஓட்டுத் துண்டுகளாலும் சுண்ணச் சாந்தாலும் பின்னிய பின்னல் வேலை அவற்றில் உண்டு, வடிவங்களோ பற்பல. அதே நகரத்தில் உள்ள மற்றொரு பழைய தோட்டத்தில் 108 சன்னல்கள் இருப்பதாகவும், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லையென்றும் கூறுவர். சில சன்னல்களில் பின்னலே இல்லை. வெறும் சட்டம் மட்டுமே. அதன் வழியே பார்த்தால் வெள்ளைச் சுவரின் முன் ஒரு கல்லும், கல்லருகே இரண்டு மூங்கிலும் தெரியும். சுவர் தாளாகவும், மூங்கில் மையால் தீட்டிய ஓவியமாகவும் காட்சி தரும். காற்று வீசினால் அந்த ஓவியம் அசையும்.

ஓரிடத்தில் நின்று மேற்கே நோக்கினேன். நீண்ட குளம், இரு கரையிலும் மரங்கள், அவற்றுக்கு அப்பால், வானத்தின் விளிம்பில், ஒன்பது நிலைகள் கொண்ட ஒரு பெளத்தக் கோபுரம். தோட்டத்தின் மேற்கு எல்லையில் எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்று வியந்தேன். “அது இந்தத் தோட்டத்துக்குள் இல்லை அப்பா; மதிலுக்கு வெளியே வேறொரு கோயிலில் இருக்கிறது” என்றான் மகன். 76 மீட்டர் உயரமுள்ள அந்த வடகோயில் கோபுரத்தைத் தோட்டக்காரன் கட்டவில்லை; வாங்கவுமில்லை. அது தெரியும்படி குளத்தை நீட்டி, மரங்களை விலக்கி, தன் தோட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்துவிட்டான். இதனைச் சீனர் ‘காட்சியைக் கடன் வாங்குதல்’ என்பர். ஜி செங் என்னும் தோட்டக்கலைஞர் 1631ஆம் ஆண்டில் எழுதி முடித்த ‘யுவான் யே’ என்னும் நூலில் இக்கலையைத் தனியே எடுத்து விளக்குகிறார். கடன்களில் திருப்பித் தரவேண்டாத கடன் இதுவொன்றே போலும்!

அங்கே நின்றபோதுதான் ஒரு பழைய நினைவு வந்து என்னைத் தைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பாடம் நடத்திய வகுப்பில், சன்னலோரம் ஒரு மாணவன் அமர்ந்திருப்பான். நான் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவன் வெளியே நோக்கிக் கொண்டிருப்பான். மும்முறை எச்சரித்தேன். நான்காம் முறை அவனை எழுப்பி, உட்சுவரின் ஓரமாக அமர்த்தினேன். பின்னர் நான் தலைமையாசிரியரானதும், மாணவர் கவனம் சிதறாதிருக்க, வகுப்பறைச் சன்னல்களின் கீழ்ப்பாதிக்கெல்லாம் பலகை அடிக்கச் சொன்னேன். காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, காட்சி மட்டும் வரவில்லை. பாடங்கள் குறித்த காலத்துக்குள் முடிந்தன. என்னைச் சிறந்த நிருவாகி என்றனர். நானும் அவ்வாறே எண்ணிக்கொண்டேன். அந்தச் சிறுவன் அப்படி என்னதான் பார்த்தான் என்று ஒருநாளேனும் அவன் இடத்தில் அமர்ந்து நான் பார்த்ததில்லை.

தோட்டங்களெல்லாம் அறத்தின் உறைவிடம் என்று நான் சொல்ல வரவில்லை. அழகின்மேல் கொள்ளும் ஆசையும் அளவு கடந்தால் கேடு பயக்கும். சூசோவுக்கு அருகே தாய் என்னும் பெரிய ஏரி உண்டு. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக் கற்களை நீர் அரித்து, துளையும் மடிப்புமாகச் செய்துவிடும். அத்தகைய கல்லொன்றை நிறுத்திவைத்து மலையாகக் கருதுவது சீனத் தோட்டத்தின் மரபு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஹுயிசோங் என்னும் பேரரசன் சிறந்த ஓவியன். ஆனால் கல்லாசை கொண்டவன். தலைநகரில் அவன் அமைத்த மாபெரும் தோட்டத்துக்காகத் தென்னாட்டிலிருந்து கற்களைப் படகில் ஏற்றிச் சென்றனர். பெரிய கற்கள் செல்வதற்காக வழியிலிருந்த பாலங்களை இடித்தனர்; மக்களின் வீட்டுச் சுவர்களையும் இடித்தனர். 1120ஆம் ஆண்டில் தென்னாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம். பின்னர் வடநாட்டுப் படை தலைநகரை முற்றுகையிட்டபோது, அந்த அருமையான கற்களையே உடைத்துக் கவண்பொறிகளில் வைத்து எறிந்தார்களாம். 1127ஆம் ஆண்டில் அரசனே சிறைப்பட்டுப் போனான். காண்பதற்கென்று தேடிய கல், கண்ணீருக்குக் காரணமாயிற்று.

வாங் சியென்சென் அமைத்த தோட்டமும் அவர் குடும்பத்தில் நிலைக்கவில்லை. அவர் மகன் ஒரே இரவில் சூதாட்டத்தில் அதை இழந்தான் என்பது சூசோவில் வழங்கும் கதை. அதன்பின் கைமாறிக் கைமாறி, பல பகுதிகளாகப் பிரிந்து, பாழடைந்து, மீண்டும் எழுந்தது அத்தோட்டம். வாங்கின் நண்பரான ஓவியர் வென் செங்மிங் 1533ஆம் ஆண்டில் அத்தோட்டத்தை 31 ஓவியங்களாகத் தீட்டினார். இன்று நாம் காணும் மண்டபங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. ஓவியங்களில் உள்ள தோட்டமோ மிக எளியது. மரமும் நீரும் ஒன்றிரண்டு குடில்களுமே. ஒருவர் மட்டும் கண்டு மகிழ்ந்த அந்த இடம் 1952ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நான் சென்ற நாளில் மழைக்கு எங்களோடு ஒதுங்கி நின்றவர்களில் பள்ளிப்பிள்ளைகளும் இருந்தனர். அந்தத் தோட்டத்துக்கு வாய்த்த நல்ல முடிவு அதுவே என்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை ‘வலைஞர் தோட்டம்’ என்னும் மற்றொன்றைக் கண்டோம். அதன் பரப்பு அரை எக்டேர்தான். முதல் தோட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன் நடுவே சிறு குளம். குளத்தின் ஒரு மூலையில் மூன்றே அடியெடுத்துக் கடந்துவிடக்கூடிய ஒரு குட்டிக் கற்பாலம். பாலம் சிறிதானதால் பக்கத்திலுள்ள நீர் பெரிதாகத் தெரிகிறது! கரையிலுள்ள கற்களையும் உள்ளே குடைந்தாற்போல அடுக்கியிருப்பதால், நீர் அவற்றின் அடியில் புகுந்து எங்கேயோ ஓடுவதுபோல் தோன்றுகிறது. எல்லை கண்ணுக்குத் தெரியாதபோது சிறியதும் பெரியதாகிவிடுகிறது. இத்தோட்டத்தின் ஒரு முற்றத்தைப் பார்த்துத்தான், நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் சீனக் கைவினைஞர்கள் அதே போன்றதொரு முற்றத்தை அமைத்துக் கொடுத்தார்கள். 1981ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. பெருநிலம் உடையவனுக்கே அழகு உரியது என்பாரிடம், இந்த அரை எக்டேர் போதும் நாம் விடை சொல்ல.

ஊர் திரும்பியதும் நான் முதலில் செய்த காரியம் என் பழைய பள்ளிக்குச் சென்றதுதான். அந்த வகுப்பறையில் பலகைகள் அப்படியே இருந்தன. இப்போதைய தலைமையாசிரியை என்னிடம் படித்தவர். “அம்மா, இந்தப் பலகைகளைக் கழற்றிவிடலாமே” என்றேன். அவர் சற்றுத் தயங்கி, “ஐயா, நீங்கள் அடிக்கச் சொன்னவை என்பதால்தான் யாரும் தொடாமல் விட்டுவைத்தோம்” என்றார். தச்சர் வந்து ஒரு பலகையைப் பெயர்த்தார். நான் அந்தச் சிறுவன் இருந்த இடத்தில் போய் அமர்ந்தேன். வெளியே பள்ளி மதில். மதிலுக்கு அப்பால் குளக்கரை. கரைமேல் வரிசையாகப் பனைகள். அவற்றுக்கு நடுவே ஊர்க் கோயிலின் கோபுர உச்சி. குளமும் கோபுரமும் பள்ளிக்குச் சொந்தமல்ல. கடன் வாங்கிய காட்சி அது. அந்தக் கடனை அறிந்திருந்தவன் அவன், அறியாதிருந்தவன் நான்.

மாணவ நண்பர்களே, வகுப்பில் ஆசிரியர் கூறுவதைக் கேளாமல் வெளியே பாருங்கள் என்று நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! கணக்கும் வேண்டும், கவனமும் வேண்டும். ஆனால் நாள்தோறும் நீங்கள் கடந்து செல்லும் மரம் ஒன்றின் கீழ்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மழை பெய்யும்போது, எந்த இலையில் எந்த ஒலி எழுகிறதென்று கேளுங்கள். பார்த்ததாகக் குறித்துக்கொள்வது வேறு, பார்ப்பது வேறு என்பதை நான் அறுபது வயதை நெருங்கியபோது, வேற்று நாட்டில், ஒரு வாழைமரத்தின் அருகே கற்றேன். நீங்கள் அவ்வளவு காலமும் காத்திருக்க வேண்டாம். அவ்வளவு தொலைவும் போகவேண்டாம். உங்கள் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறதென்று நாளைக் காலையில் பாருங்கள்.